மாசானத்துக்குப் பச்சை

ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளியவனிடம் வந்து, "இது பாரபட்சமே இல்லாத இயந்திரம்" என்று யாராவது சொன்னால் அவன் என்ன செய்வான்? முதலில் சிரிப்பான். அப்புறம் அந்த இயந்திரத்திடமே டிக்கெட் கேட்பான். நான் இரண்டையும் செய்தேன்.

என் சந்தேகம் சாதாரணச் சந்தேகம் இல்லை. கழிவறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பவனை அடுத்த பெட்டியிலிருந்தே மோப்பம் பிடிப்பேன். திருச்செந்தூர் பாசஞ்சரில் ஒரு தடவை, ஆளுயரப் பிள்ளையார் சிலையோடு வந்த கோஷ்டியை நிறுத்தி, பிள்ளையாரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒருவன் தும்மினான். நம்பாதவர்கள் என் மனைவியைக் கேட்கலாம்; அவளும் நம்பவில்லை.

ஓய்வு பெற்றபின் இந்த அரிய திறமையைக் கபடிக்கு அர்ப்பணித்தேன்.

தென்னகக் கபடி லீக்கில் முன்பெல்லாம் மனித நடுவர்கள் இருந்தார்கள். ஆட்டம் முடிந்து அவர்கள் வீடு போய்ச் சேரப் போலீஸ் வேன் வேண்டியிருந்தது. எந்த ஊர்க்காரனும் எந்த நடுவரையும் நம்பவில்லை. பார்த்தார்கள் லீக் ஆட்கள். 'தராசு' என்று ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் நெற்றியில் மெல்லிய பட்டி. தலையில் அடி விழுந்தால் பட்டி அதைத் தராசுக்குச் சொல்லும். காமிராக்கள் ஆளின் கண்ணையும் நடையையும் பார்க்கும். அடி ஒன்றுமில்லை என்றால் பட்டியில் பச்சை எரியும், ஆடலாம். அடி பலம் என்றால் சிவப்பு. அந்த ஆட்டமும் போச்சு, அந்த சீசனில் மிச்சமிருக்கும் ஆட்டமும் போச்சு.

சந்தேகம் வந்தால் மஞ்சள். இங்கேதான் வேடிக்கை. மஞ்சள் எரிந்ததும் லீக்கில் பதிவு செய்த ரசிகர்கள் எல்லோருடைய செல்போனும் துடிக்கும். அடி விழுந்த காட்சி வரும். 'அடியா, இல்லையா?' சிவப்பையோ பச்சையையோ அமுக்க வேண்டும். மக்கள் சொல்வதைத் தராசு கேட்கும், கேட்டுக் கற்றுக்கொள்ளும். நடுவரைத்தானே நம்பமாட்டேன் என்கிறீர்கள், இந்தாருங்கள், நீங்களே நடுவர்!

திருடர்களிடம் சாவியைக் கொடுத்து நன்றியும் சொன்ன மாதிரி இருந்தது. எங்களுக்குக் கொண்டாட்டம்.

நாங்கள் 'நெல்லை நாகங்கள்' அணியின் ரசிகர்கள். கூடுமிடம், பாளையங்கோட்டை மார்க்கெட் அருகே பீர் மைதீனின் செல்போன் கடை. ரசிகர் மன்றச் செயலாளர் அவர்தான். நான் மன்றத்தின் மூளை. இது நானே எனக்குக் கொடுத்த பதவி. எதிரணிக்காரனுக்கு மூக்கில் கொசு மோதினாலும் "அடி! அடி!" என்று சிவப்பை அமுக்குவோம். எங்கள் மாசானமுத்துவின் தலையில் ரோடு ரோலர் ஏறினாலும் பச்சைதான்.

மாசானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு அவன் எதிராளியின் களத்துக்குள் இறங்கினால், அங்கே நிற்கும் ஏழு பேரும் தங்கள் குலதெய்வத்தை நினைப்பார்கள். அவன் மூச்சு ஒரு பாட்டுக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பினால் வள்ளியூர் வரை போகும். அப்பேர்ப்பட்டவனை உட்கார வைக்கலாமா? மஞ்சள் எரிந்த போதெல்லாம் நான் கடை வாசலில் நின்று, "அமுக்குங்கலே பச்சைய!" என்று கூவுவேன். மார்க்கெட்டில் தக்காளி விற்கிறவர்கூட அமுக்குவார். இரண்டு சீசன் இப்படி அமுக்கினோம். மூன்றாவது சீசனில் அதிசயம் நடந்தது. மாசானம் எப்படி விழுந்தாலும் மஞ்சளே எரியவில்லை. நேரே பச்சை.

"பாத்தீரா? தராசுக்கே புத்தி வந்துட்டு வே" என்றேன் பீர் மைதீனிடம்.

அரையிறுதி அன்று கடையில் ராயப்பனும் இருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், சொந்த ஊர் மதுரை, 'வைகை வேங்கைகள்' அணியின் வெறியர். அவர் அணி ஏற்கெனவே இறுதிக்குப் போய்விட்டது. யாரோடு மோதப் போகிறோம் என்று பார்க்க வந்திருந்தார். அவர் எதை அமுக்குகிறார் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. செல்போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டுதான் அமுக்குவார். டிக்கெட் இல்லாதவன் பாக்கெட்டைப் பொத்துவானே, அதே மாதிரி.

வர்ணனையைக் காதில் மாட்டிக்கொண்டுதான் பார்ப்போம். அதுவும் இயந்திரக் குரல்தான். நாம் எந்த அணிக்காரர் என்று அதற்குத் தெரியும், நமக்குப் பிடித்த மாதிரி பேசும். ஒரே திரையை நானும் ராயப்பனும் பார்ப்போம். இரண்டு பேரும் இரண்டு ஆட்டம் பார்த்திருப்போம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் மாசானம் உள்ளே புகுந்தான். ஒருவன் கணுக்காலைப் பிடித்தான், இன்னொருவன் குறுக்கே பாய்ந்தான். மாசானத்தின் தலை மூன்றாமவனின் முழங்காலில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள், "நெல்லையின் சிங்கம் விழுந்தும் கோட்டைத் தொட்டது!" என்று வர்ணனை அலறிக்கொண்டிருந்தது. மாசானம் எழுந்தான். இரண்டு எட்டு பக்கவாட்டில் வைத்தான். "தள்ளாடுவதாக நினைக்காதீர்கள், எதிரியைக் குழப்பும் தந்திரம்!" என்றது வர்ணனை.

"ஒங்க காதுல என்ன சொல்லுதான்?" என்று ராயப்பனைக் கேட்டேன்.

"நடிக்கிறாப்லயாம். நேரத்தைக் கடத்துறாப்லயாம்" என்றார் ராயப்பன்.

பட்டியில் பச்சை எரிந்தது. நாகங்கள் இறுதிக்குப் போனார்கள். நான் போட்ட கூச்சலில் மார்க்கெட்டில் இரண்டு தேங்காய் தானாக உடைந்தது.

மறுநாள் காலை கடைக்கு ஒரு பெண் வந்தாள். டவுனில் துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்று சீருடை சொன்னது. மாசானத்தின் அக்கா பேச்சித்தாய். பீர் மைதீன் எழுந்து நாற்காலி போட்டார். நான் ஜூஸ் சொன்னேன். அவள் இரண்டையும் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம ஆட்டத்துல என் தம்பி எறங்கக் கூடாது. மன்றத்துக்காரவ தராசுகிட்ட முறையிடலாமாமே. அவனுக்குச் சிவப்பு போடச் சொல்லுங்க."

ஒரு நிமிடம் நான் பேச்சற்று நின்றேன். என் மனைவி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

"யம்மா, நீ அவன் அக்காதானா? இல்ல மதுரைக்காரன் அனுப்பி வந்தியா?"

"அண்ணாச்சி!" என்று பீர் மைதீன் என் கையைப் பிடித்தார்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "குக்கர் விசில் அடிச்சா காதப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கடியில போறான். சோத்தப் பெசஞ்சு வச்சிட்டு கைகழுவப் போயிருதான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆடுனா பேராபத்துன்னு எழுதிக் குடுத்தாரு. அத லீக் ஆபீஸ்ல காட்டுனா, தராசு பச்சை சொல்லியிருக்கு, அதுக்கு மேல நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்காவ. தம்பிகிட்ட சொன்னா, 'எனக்குத்தான் பச்சைல்லா எரியிது, நீ என்ன பெரிய டாக்டரா'ங்கான்."

"அவன் நல்லாத்தான ஆடுதான்? நேத்து நாங்க பாத்தோமே?"

"வர்ணனைய அமத்திட்டுப் பாத்தியளா?"

யார் அமத்துவார்கள்? சாம்பார் இல்லாமல் இட்லி தின்கிற மாதிரி. ஆனாலும் பீர் மைதீன் பழைய ஒளிபரப்பை எடுத்தார். செல்போனைப் பிரித்துப் போடுகிறவர் ஆயிற்றே, குரலை மட்டும் கழற்றிப் போட்டார். மைதானத்துச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

முழங்காலில் தலை மோதியது இப்போது கேட்டது. கேட்டிருக்க வேண்டாம். மாசானம் எழுந்தான், தள்ளாடினான், தன் பக்கம் வந்தான். பச்சை எரிந்தது. ரெய்டு முடிந்து, அடுத்தவன் பாடப் போய்விட்டான். மாசானம் மட்டும் நிறுத்தவில்லை. "கபடி கபடி கபடி" என்று வாய் ஓடிக்கொண்டே இருந்தது. கூட ஆடுகிறவன் தண்ணீர் கொடுத்தான். குடித்தான். தண்ணீர் வாயோரம் வழிய மறுபடியும் கபடி கபடி. கண் எங்கேயோ இருந்தது.

அந்த இடத்தில் எங்கள் காதில் என்ன ஓடியது என்று பீர் மைதீன் தட்டிப் பார்த்தார். "சிங்கம் அடுத்த வேட்டைக்கு மந்திரம் ஜெபிக்கிறது!"

"வீட்லயும் இப்பிடித்தான். அவனுக்கே தெரியாது" என்றாள் பேச்சித்தாய்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சதி! தராசை எழுதியவன் மதுரைக்காரனாக இருப்பான், அல்லது மதுரையில் பெண் எடுத்தவனாக இருப்பான். பீர் மைதீன் மன்றத்தின் பெயரில் முறையீடு போட்டதும் கடைத் திரையில் தராசு வந்தது. முகம் கிடையாது, குரல் மட்டும். வங்கியில் கடன் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இருக்குமே, அந்த மரியாதையான குரல்.

"வணக்கம். என்ன விளக்கம் வேண்டும்?"

"மாசானமுத்துவுக்கு எதுக்கு வே பச்சை போட்டீரு?" என்றேன்.

"அது தலையடி அல்ல என்று மதிப்பிட்டேன்."

"பட்டி என்ன சொல்லிச்சி?"

"மோதலின் வேகம் மிக அதிகம் என்றது. நடை பிறழ்ந்தது. பேச்சு நிற்கவில்லை."

"பெறவு?"

"மாசானமுத்துவுக்கு இதேபோன்ற மோதல்கள் முன்பு நிகழ்ந்தபோது, அவை அடி இல்லை என்று ரசிகர்கள் பெருவாரியாகத் தீர்ப்பளித்தார்கள். இவர் தள்ளாடுவது இவருடைய பாணி என்று கற்றுக்கொண்டேன்."

பேச்சித்தாய் திரையருகே போனாள். "அவன் தலைக்குள்ள என்ன ஆச்சின்னு ஒனக்குத் தெரியாதா?"

"நான் மருத்துவர் அல்ல, அம்மா. ஓர் அடியைப் பார்த்து மக்கள் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதே என் வேலை. அதில் நான் இதுவரை தவறியதில்லை."

கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பீர் மைதீன் ஒரு ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்தார். ரொம்ப நேரம் தேடினார்.

"மாத்த வழி இருக்கா?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"முறையீடு ஏற்கப்பட்டது. அந்தப் பழைய காட்சிகள் சனிக்கிழமை மாலை வரை மறுவாக்குக்குத் திறந்திருக்கும். மக்கள் தீர்ப்பை மாற்றினால் நானும் மாறுவேன்."

சரி, உண்மையைச் சொன்னால் போகிறது. மன்றத்து வாட்ஸப் குழுவில் நான் நீளமாக எழுதினேன்: மாசானத்துக்குத் தலையில் அடி, டாக்டர் சொல்லிவிட்டார், சிவப்பை அமுக்கிப் பையனைக் காப்பாற்றுங்கள். மாசானம் வாய் ஓடுகிற காட்சியையும் போட்டேன். பதில் வந்தது பாருங்கள்! டி.டி.ஆர். விலை போய்விட்டார். டி.டி.ஆருக்கு மதுரையில் சின்ன வீடு. அந்தக் காட்சி கம்ப்யூட்டரில் செய்தது. மாசானத்துக்கு அக்காவே கிடையாது. என் கொடும்பாவியை எரிக்க வண்ணார்பேட்டையில் வைக்கோல் வாங்கிவிட்டதாகவும் கேள்வி. எல்லாம் நான் வளர்த்துவிட்ட பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை பேச்சித்தாய் மறுபடி வந்து கேட்டாள். "எவ்வளவு சிவப்பு விழுந்திருக்கு அண்ணாச்சி?"

"மூணு" என்றார் பீர் மைதீன். அது நாங்கள் மூன்று பேர்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்களை உண்மை அசைக்காது. சந்தேகம் அசைக்கும். பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். செல்போனை எடுத்துப் புதிதாக ஒன்று எழுதினேன்:

'ரகசியச் செய்தி. மதுரைக்காரன் அத்தனை பேரும் நம்ம மாசானத்துக்குப் பச்சை போடுதான். ஏன்? தலை கலங்குன மாசானம் எறங்குனாத்தான் அவனுக்கு லாபம். நம்மாளு தடுமாறி நிக்கையில பாயிண்ட் அள்ளிட்டுப் போயிருவான். நம்ம பச்சை அவன் கப்புக்குப் போடுற பச்சை. யோசிங்கலே.'

யோசிக்கவில்லை, எங்கள் ஆட்கள். அதற்கு நேரமில்லை. சங்கரன்கோவிலிலிருந்து சாத்தான்குளம் வரை தீப்பிடித்த மாதிரி செய்தி போனது. 'எனக்கு அப்பவே தெரியும்' என்றவர்களே பாதிப் பேர். காலையில் எனக்குக் கொடும்பாவி கட்டியவர்கள் மாலையில் அதே வைக்கோலுக்கு மதுரை ஜெர்சி போட்டார்கள். சனிக்கிழமை மாலை கெடு முடியுமுன் தராசு அறிவித்தது: மக்கள் தீர்ப்பு மாறியது, மாசானமுத்துவுக்குச் சிவப்பு.

பேச்சித்தாய் என் காலில் விழப் பார்த்தாள். நான் தடுத்து, ஏதோ ஒரு ரயில் கதை சொல்லிச் சிரிக்கவைக்க முயன்றேன். பாதிக் கதையில் ராயப்பன் வந்துவிட்டார். முகம் பழைய துணி மாதிரி இருந்தது.

"யாருண்ணே ஒங்களுக்குச் சொன்னது?" என்றார்.

"என்ன சொன்னது?"

"அதான், நாங்க பச்சை போட்டது. எங்க குரூப்ல இருந்து எவனோ வெளிய விட்ருக்கான். ரெண்டு சீசனா வெளிய தெரியாம பண்ணிக்கிட்டு இருந்தோம். எங்க டாக்டர் ஒருத்தருதேன் மொதல்ல சொன்னது. 'இந்தப் பையன உக்கார வச்சா நாலு மாசத்துல தேறி வந்துருவான், ஆட விடுங்க, தானா முடிஞ்சுருவான்'னு. அவரு சொன்னதுக்கப்புறம் அவய்ங்க அம்புட்டுப் பேரும் பச்சைதேன்."

நான் சொன்ன பொய்! இட்லி அவிப்பது போல ஆவி பறக்க நானே தயாரித்த பொய்! அது உண்மையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மேல் உயிரை வைத்தவர்களும், அவனை முடிக்க நினைத்தவர்களும் ஒரே பொத்தானை அமுக்கியிருக்கிறோம். தராசுக்குச் சந்தேகமே வராததில் என்ன ஆச்சரியம்?

"நீங்களுமா வாத்தியாரே?" என்றார் பீர் மைதீன்.

பேச்சித்தாய் அங்கே இருப்பதை அப்போதுதான் ராயப்பன் பார்த்தார். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு மாலை இறுதி ஆட்டம். கடை நிரம்பி வழிந்தது. ஆட்டம் தொடங்கும்போது மாசானம் வந்தான். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எவம்ல எனக்குச் சிவப்பு போட்டது? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நாந்தான் போட்டேன் தம்பி" என்றேன்.

"எவம்ல எனக்குச் சிவப்பு போட்டது? நான் என்ன செத்தா போயிட்டேன்?" அதே குரல், அதே ஏற்ற இறக்கம்.

பேச்சித்தாய் அவன் தோளில் கை வைத்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். திரையைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழந்தை மாதிரி பார்க்கத் தொடங்கினான்.

அவனுக்குப் பதிலாகத் திசையன்விளை ஜெபஸ்டின் இறங்கியிருந்தான். இதுதான் அவனுக்கு முதல் பெரிய ஆட்டம். என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா! தரையில் கால் படவில்லை என்று சத்தியம் செய்வேன். கடைசியில் நாங்கள் இரண்டு பாயிண்ட் பின்னால். ஜெபஸ்டின் பாடிக்கொண்டு போய் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினான். அப்போதுதான் மதுரையின் ஆஜானுபாகு ஒருவன் பக்கவாட்டில் வந்து முட்டினான். ஜெபஸ்டின் தலை தரை விரிப்பில் அடித்துத் துள்ளியது. எழுந்தான். நெற்றிப்பட்டியில் மஞ்சள்.

கடையில் இருந்த அத்தனை செல்போனும் ஒரே நேரத்தில் துடித்தன.

யாரும் கூவவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிவப்பு என்றால் ஜெபஸ்டின் வெளியே. கடைசி ரெய்டுக்கு எங்களிடம் ஆள் இல்லை. பேச்சித்தாய் முதல் ஆளாகச் சிவப்பை அமுக்கினாள். பீர் மைதீன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அமுக்கினார். நானும் சிவப்பை அமுக்கினேன். ஆனால் பாருங்கள், உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அமுக்கினேன்.

மாசானமும் தன் செல்போனை எடுத்தான். ஜெபஸ்டின் விழுகிற காட்சியைப் பார்த்தான். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை அழுத்தி, என்னைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. லேசான தட்டுதான். எந்திச்சிருவான்."

திரையில் பச்சை எரிந்தது. கடை அதிரக் கைதட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவன் மாசானம்.